கருப்பு வௌவால் பூச்செடி: 28 வெள்ளிக்குத் தகுமா?

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், மீதியைப் பொறுமை இருப்பவர்கள் படிக்கலாம். கருப்பு வௌவால் பூச்செடி, நடுத்தரத் தொட்டி, ஒரு பூவும் ஒரு மொட்டும் இருந்தது, சிங்கப்பூரில் 28 வெள்ளி. நேர் வெயில் விழாத தாழ்வாரமோ பால்கனியோ உங்களிடம் இருந்தால் தாராளமாக வாங்குங்கள். மத்தியான வெயில் முகத்தில் அடிக்கிற மேற்குப் பார்த்த வீடு என்றால் பேசாமல் காகிதப்பூ வாங்கி வையுங்கள், அதுதான் உங்களுக்குச் சரி. செடிக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு நாலரை. அதை இங்கே விற்கிற விதத்துக்கு இரண்டு, அதுவும் இரண்டாவது கடை ஆன்ட்டியின் புண்ணியத்தில்.

இந்த இரண்டு மதிப்பெண்ணுக்கும் நடுவில் இவ்வளவு இடைவெளி ஏன் என்பதுதான் விஷயம். கடைக்காரர்கள் இதைப் பூவாக விற்கிறார்கள். இது கிழங்கு. நீங்கள் காசு கொடுத்து வாங்குவது மண்ணுக்குள் இருக்கிற அந்த வேர்க்கிழங்கைத்தான், பூ அதோடு சும்மா கூட வருகிறது. பூவைப் பார்த்து வாங்கினால் சில வாரம் படம் எடுத்துப் போட்டு மகிழலாம், கிழங்கைப் பார்த்து வாங்கினால் வருடக்கணக்கில் இருக்கும்.

பெயர் கேள்விப்படாதவர்களுக்கு: அறிவியல் பெயர் டாக்கா சான்ட்ரியரி, 1901-ல் எடுவார்ட் ஆந்த்ரே என்ற பிரெஞ்சுக்காரர் வைத்தது. பெயர்தான் ஐரோப்பா, செடி நம்ம வட்டாரம். தாய்லந்து, மியன்மார், வியட்னாம், சீனாவின் யுன்னான், மலேசியத் தீபகற்பத்தின் வடபகுதி, இந்தியாவின் வடகிழக்கு ஆகிய இடங்களில் மழைக்காட்டுப் பெரிய மரங்களுக்கு அடியில், இலை மக்கிக் கிடக்கிற ஈர மண்ணில் வளர்கிறது. முன்பு இதற்கென்று தனிக் குடும்பம் வைத்திருந்தார்கள், இப்போது வள்ளிக்கிழங்குக் குடும்பத்தில் சேர்த்துவிட்டார்கள். அதாவது பொங்கல் குழம்பில் போடுகிற சிறுவள்ளிக்கிழங்குக்கு இது தூரத்துச் சொந்தம். (சமைத்துப் பார்க்கலாமா என்று என் வீட்டிலேயே ஒருவர் கேட்டார். கூடாது.)

காட்டில் எங்கே வளர்கிறது என்பதை ஏன் இழுக்கிறேன் என்றால், வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடித் தாழ்வாரம் இந்தச் செடிக்கு அப்படியே பொருந்துகிறது. நம் பேட்டையில் பாதி வீடுகளின் தாழ்வாரத்துக்கு நாள் முழுக்க வெளிச்சம் வரும், வெயில் வராது. அந்த வெளிச்சத்தில் ரோஜா பூக்காது, மல்லி மொட்டே வைக்காது, செம்பருத்தி இலையாக மட்டும் நீண்டுகொண்டே போகும். அதனால்தான் எல்லோர் வாசலிலும் மணிபிளாண்டும் பாம்புக் கற்றாழையும். நிழலில் பூக்கிற, அதுவும் ஒரு கை அகலத்துக்குப் பூக்கிற செடி இங்கே அதிகம் கிடையாது. நம் ஊர்ச் சூடும் காற்றின் ஈரமும் இதற்குப் பழகினதுதான். குளிர் நாட்டுக்காரர்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, ஈரப்புகை ஊதி வளர்க்கிறதை நாம் நாலாவது மாடியில் சும்மா வெளியில் வைத்து வளர்க்கலாம்.

சரி, பூவுக்கு வருகிறேன். படத்தில் பார்க்கிறபோது கன்னங்கரேல் என்று தெரியும். நேரில் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தால் கருப்பே இல்லை, முற்றின கத்தரிக்காய்த் தோலின் நிறம், ஓரத்தில் கொஞ்சம் பழுப்பு. இலைகளுக்கு நடுவிலிருந்து ஒரு தண்டு மட்டும் விறைப்பாக மேலே வருகிறது, அதன் தலையில்தான் எல்லாம். வௌவால் இறக்கை என்று நாம் நினைப்பது பூவிதழ் இல்லை, பூவுக்கு அடியில் வருகிற பெரிய பூவடி இலைகள், இரண்டு மேல்நோக்கி விரிந்து நிற்கும். உண்மையான பூக்கள் அதற்குக் கீழே கொத்தாகத் தலை கவிழ்ந்து தொங்கும், ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தான் அளவு, ஆறு இதழ், ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கும். அவற்றுக்கு இடையிலிருந்து மீசைகள். ஒரு அடி நீளம்கூட இருக்கும், நூல் போல, கீழே வரை தொங்கும். பக்கத்து வீட்டுச் சீன அங்கிள் இதைப் புலிமீசை என்கிறார், அவர்கள் மொழியில் அதுதான் பெயராம். தாழ்வாரத்தில் காற்று அடிக்கிறபோது இறக்கை அசையாது, மீசை மட்டும் அசையும். அதைப் பார்த்து எதிர் வீட்டுக் குழந்தை அழுதது உண்மை, அடுத்த நாளிலிருந்து அதுவே வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறது.

வாசனை என்று எதுவும் எனக்குத் தெரியவில்லை, மூக்கை உள்ளே வைத்துப் பார்த்துவிட்டேன். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. இந்த நிறமும் மீசையும் அழுகின மாமிசம் மாதிரி ஈக்களை ஏமாற்றிக் கூப்பிடத்தான் என்று செடிப் பிரியர்கள் சொல்வார்கள், கடைக்காரரும் சொல்வார். வாசலில் ஈ மொய்க்குமோ என்று பயந்து வாங்காமல் போனவர்களை எனக்குத் தெரியும். யுன்னான் காடுகளில் இதை உட்கார்ந்து கவனித்து 2005-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். பூச்சிகள் வருவதே அபூர்வம், செடி பெரும்பாலும் தன் மகரந்தத்தை வைத்துத் தானே காய்த்துக்கொள்கிறது என்று முடிவு. இவ்வளவு அலங்காரமும் யாருக்காக என்றால் பதில் அவ்வளவு சுலபமாக இல்லை. நமக்கு என்ன ஆகவேண்டும், ஈ வராது. ஒரே செடி இருந்தாலும் காய் பிடிக்கும். ஆனால் விதை போட்டு வளர்க்கலாம் என்று ஆசைப்படாதீர்கள், முளைக்கவே மாதங்கள் ஆகும், அது பூத்துப் பார்க்க இன்னும் இரண்டு மூன்று வருடம்.

இப்போது கடைக் கதை. முதல் செடியை ஒரு பெரிய நர்சரியில் வாங்கினேன், பெயர் வேண்டாம். பளபளப்பான பீங்கான் தொட்டி, மேலே வெள்ளைக் கூழாங்கல், பூ நன்றாக விரிந்து மீசையெல்லாம் ஒழுங்காகச் சீவி வைத்த மாதிரி நின்றது. கூடவே ஒரு அட்டை: முழு வெயில், தினமும் தண்ணீர். அந்த மேசையில் இருந்த எல்லாத் தொட்டியிலும் அதே அட்டை. காட்டு நிழலில் வளர்கிற செடிக்கு முழு வெயில்! அட்டையை நான் நம்பவில்லை, அங்கிருந்த பையனிடம் கேட்டேன், அவர் "வீட்டுக்குள் வைக்கும் செடி, வாரம் ஒருமுறை தண்ணீர் போதும்" என்றார். இரண்டும் தப்பு, அதுவும் எதிரெதிர்த் திசையில்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் பீங்கான் தொட்டிக்கு அடியில் ஓட்டையே கிடையாது. உள்ளே கருப்புப் பிளாஸ்டிக் தொட்டி, அதைச் சுற்றித் தண்ணீர் நின்றுகொண்டிருக்கிறது. தென்னை நார்த்தூளை மட்டும் அமுக்கி அடைத்திருந்தார்கள், பிழிந்தால் சொட்டுகிறது, லேசாகச் சாக்கடை நாற்றம். கூழாங்கல்லை எடுத்ததும் அடியிலிருந்து ஒரு நத்தை வேறு. செடியை உருவிக் கிழங்கைப் பார்த்தேன். மேல் பாதி நன்றாக இருந்தது, அடிப்பாதி விரல் வைத்தால் அமுங்கியது. பூ அதன்பிறகும் கொஞ்ச நாள் நின்றது என்பதுதான் இதில் ஏமாற்று: கிழங்கு அழுகிக்கொண்டிருந்தாலும் உள்ளே சேர்த்து வைத்திருக்கிற சத்தில் பூ அசராமல் நிற்கும், வாங்குகிறவருக்கு ஒன்றும் தெரியாது. கடைக்குப் போன் செய்தால் "பூச்செடிக்கு உத்தரவாதம் இல்லை, பூ முடிந்தால் முடிந்தது" என்றார்கள். 28 வெள்ளிக்குப் பூங்கொத்து விற்கிறோம் என்று முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

காப்பாற்றியாயிற்று, அது வேறு விஷயம். அழுகின பகுதியைச் சுத்தமான கத்தியால் வெள்ளைச் சதை தெரிகிற வரை வெட்டிவிட்டு, வெட்டு வாயில் கரித்தூள் தடவி, நிழலில் காயவிட்டுப் புது மண்ணில் வைத்தேன். ரொம்ப நாள் முறைத்துக்கொண்டு அப்படியே நின்றது, அப்புறம் ஒரு இலை விட்டது.

இரண்டாவது செடி ஒரு சின்னக் கடையில். அங்கே இருந்த ஆன்ட்டி நான் கேட்கும் முன்பே தொட்டியைச் சாய்த்து, செடியை மண்ணோடு உருவிக் காட்டினார். கிழங்கு கட்டை விரலைவிடத் தடிமன், கெட்டி, பக்கவாட்டில் ஒரு சின்ன முளை. பூ இல்லை, நாலு இலை மட்டும். விலை 18 வெள்ளி. பூவோடு இருந்ததைக் கேட்டதற்கு "அது பார்க்க அழகு, இது வளரும், உனக்கு எது வேணும்?" என்று கேட்டார். இப்படிப் பேசுகிற கடைக்காரரிடம் பேரம் பேச மனசு வருமா? பேசினேன், குறைக்கவில்லை.

ஆகவே வாங்கப் போகிறவர்கள் பூவைப் பார்க்கிற நேரத்தில் பாதியையாவது அடியில் செலவழியுங்கள். இலைக்காம்புகள் எல்லாம் சேர்கிற இடத்தில், மண்ணுக்குச் சற்றுக் கீழே விரலை விட்டு அழுத்திப் பார்க்கலாம், இஞ்சியை அழுத்துகிற மாதிரி கெட்டியாக இருக்கவேண்டும். முகர்ந்து பாருங்கள், மழை மண் வாசம் வந்தால் நல்லது. பழைய இலை ஒன்றிரண்டு மஞ்சளாக இருந்தால் கவலை இல்லை, நடுவிலிருந்து வருகிற புது இலை மஞ்சளாக இருந்தால் தொட்டியைத் திரும்ப வைத்துவிட்டு வந்துவிடுங்கள். உருவிக் காட்டச் சொல்லத் தயங்கவேண்டாம். காட்டமாட்டேன் என்று சொல்கிற கடையைப் பற்றி அதற்குமேல் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை.

ஆன்லைனில் வெறும் கிழங்கை மட்டும் விற்கிறவர்களும் இருக்கிறார்கள், எட்டுப் பத்து வெள்ளிக்கு. இலை இல்லாமல், பாசியில் சுற்றி வருகிறது. வெறுங்கிழங்கில் அது டாக்காதானா வேறு ஏதாவதா என்று நம்மால் சொல்லமுடியாது, வேர் அறுபட்டால் இந்தச் செடி ரொம்ப நாள் கோபித்துக்கொள்ளும் வேறு. வெளிநாட்டிலிருந்து வரவழைத்ததென்றால் தாவர நலச் சான்றிதழ் இருக்கிறதா என்றும் கேட்கவேண்டும், நம் தேசியப் பூங்காக் கழகம் அதில் கறார். அனுபவம் உள்ளவர்கள் முயற்சி செய்யட்டும், முதல் செடியாக வேண்டாம்.

பராமரிப்பு பற்றி இணையத்தில் கிடைக்கிற அறிவுரைகளில் ஒன்றை மட்டும் கண்டிப்பாக மறந்துவிடுங்கள். ஈரம் வேண்டும், அதனால் தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் நிரப்பி அதன்மேல் தொட்டியை வையுங்கள் என்பார்கள். எழுதினவர் லண்டனில் இருப்பார். இங்கே தட்டில் தண்ணீர் நின்றால் டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும், சுற்றுப்புற வாரியத்து அதிகாரி கதவைத் தட்டுவார், வீட்டுக்காரருக்கு முதல் தடவையே 200 வெள்ளி அபராதம். செடியின் விலையைப் போல ஏழு மடங்கு! நம் காற்றில் இருக்கிற ஈரமே போதும். தட்டே வைக்காதீர்கள், வைத்தால் தினமும் கவிழ்த்துவிடுங்கள். மண் இறுகிக் கட்டியாகி மேலே தண்ணீர் தேங்கினாலும் அதே பிரச்சினைதான், அவ்வப்போது கிளறிவிடவேண்டும்.

மண் கலவைதான் இதன் உயிர். காட்டில் இது நிற்கிற இடத்தில் ஈரம் எப்போதும் இருக்கும், ஆனால் தேங்காது, மக்கின இலைக்குள் காற்றும் ஓடும். நான் போடுவது பாதிக்குப் பாதி ஆர்க்கிட் மரப்பட்டையும் சாதாரணத் தொட்டி மண்ணும், கூடக் கொஞ்சம் பெர்லைட் (மண்ணைப் பொலபொலப்பாக்கும் வெள்ளைத் துகள்). ஊற்றின தண்ணீர் அடுத்த நிமிடமே அடியில் வரவேண்டும். மேல் மண் விரலுக்கு லேசாகக் காய்ந்ததாகத் தெரிந்தால் ஊற்றுகிறேன், மழைக்கால ஈரத்தில் விட்டு விட்டு, வறண்ட பிப்ரவரியில் கிட்டத்தட்டத் தினமும். குழாய்த் தண்ணீர்தான். ஆர்க்கிட் உரத்தைப் பாக்கெட்டில் சொன்ன அளவில் பாதியாகக் கரைத்துக் கொடுத்தால் போதும்.

வெயிலைவிட இதற்குப் பெரிய எதிரி ஏர்கான். வெளியில் மாட்டியிருக்கிற கம்ப்ரெசரின் சூடான காற்று இரவெல்லாம் அடிக்கிற இடத்தில் வைத்தால் இலை ஓரம் முறுகிப்போகும், இலைக்கு அடியில் சிவப்புச் சிலந்திப்பேன் வரும். வீட்டுக்குள் ஏர்கான் அறையில் வைப்பதும் வேண்டாம். விற்கிறவர்கள் உட்புறச் செடி என்று சொல்வதில் எனக்கு உள்ள கோபம் இதுதான்.

தாழ்வாரத்தில் வைக்கிறவர்கள் அளவையும் யோசியுங்கள். இலை ஒவ்வொன்றும் ஒன்றரை அடி வரும், செடி சுற்றிலும் விரியும், முழுதாக வளர்ந்தால் உங்கள் முழங்காலுக்கு மேல் நிற்கும். தீயணைப்பைக் கவனிக்கிற குடிமைத் தற்காப்புப் படையின் விதிப்படி தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட்டாகவேண்டும். குறுகலான பழைய புளோக் என்றால் ஒரு செடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், நகர மன்றத்திலிருந்து கடிதம் வருகிற அளவுக்குக் கொண்டுபோகவேண்டாம். மீசை தொங்குகிறதால் தரையில் வைக்காமல் ஒரு சின்ன முக்காலி மேல் வைத்தால் பார்க்கவும் நன்றாக இருக்கும், பெருக்குகிறவர்களுக்கும் தொந்தரவு இல்லை.

அடுத்தது வீட்டுப் பெரியவர்கள். கருப்புப் பூவை வாசலில் வைப்பதா என்று அத்தை முகத்தைச் சுளித்தார். பூஜைக்கும் ஆகாது, தலையில் வைக்கவும் ஆகாது, வாசனையும் இல்லை, பின்னே எதற்கு என்று அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. சிராங்கூன் சாலையில் அதே 28 வெள்ளிக்கு எவ்வளவு மல்லிச்சரம் வாங்கலாம் என்று கணக்கும் போட்டுக் காட்டினார். திருஷ்டிக்கு என்று சொல்லிச் சமாளித்தேன். பூசணிக்காய் கட்டுவதைவிட இது பயமுறுத்தும்படி இருக்கிறதென்று அவரே ஒத்துக்கொண்டார், இப்போது வருகிறவர்களிடம் அவர்தான் இதைக் காட்டிப் பெருமையடிக்கிறார்.

இன்னொரு வகைப் பெரியவர்கள் வாட்ஸ்அப்பில் வருகிறார்கள். இந்தக் கிழங்கு புற்றுநோயைக் குணமாக்கும் என்று ஒரு செய்தி சுற்றுகிறது. அதற்கு அடியில் ஒரு சின்ன உண்மை இருக்கிறது: டாக்கா கிழங்கிலிருந்து பிரித்தெடுத்த டாக்கலோனோலைடு என்ற சேர்மங்கள் செல் பிரிவதைத் தடுக்கின்றன என்று ஆய்வுக்கூடத்தில் கண்டிருக்கிறார்கள், ஆராய்ச்சி நடக்கிறது. செல் பிரிவதையே தடுக்கிற பொருளை வீட்டில் கஷாயம் வைத்துக் குடித்தால் உடம்புக்கு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பூனையும் கைக்குழந்தையும் உள்ள வீடுகளில் எட்டாத உயரத்தில் வையுங்கள், கிழங்கை வெட்டினால் கையைக் கழுவுங்கள், அவ்வளவுதான்.

இதே காசுக்கு வேறென்ன வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு. ரோஜாக் என்ற சாலட்டில் அரிந்து போடுகிற, இஞ்சி இனத்துப் புங்கா கந்தானும் கிழங்கிலிருந்து வருகிற காட்டுச் செடிதான், பூவும் பிரமாதம், ஆனால் அது மாடி உயரத்துக்குப் போகும், தரை வீட்டுக்காரர்களுக்கு மட்டும். சியாம் துலிப் என்று விற்கிற, மஞ்சள்கிழங்கு இனத்துச் செடி 10 வெள்ளிக்கு அழகான இளஞ்சிவப்புப் பூக் கொடுக்கும், ஆனால் பூத்து முடித்ததும் இலையெல்லாம் காய்ந்து கிழங்கு உறங்கப் போய்விடும். செத்துப்போச்சு என்று நிறைய பேர் குப்பையில் போட்டுவிடுகிறார்கள், அதையும் கடையில் யாரும் சொல்வதில்லை. வௌவால் பூ வருடம் முழுக்க இலையோடு நிற்கும், பூ இல்லாத காலத்திலும் பச்சைக்குப் பச்சை. இந்தக் கிழங்குப் பூச்செடிகள் வளர்ந்தால் எவ்வளவு இடம் கேட்கும் என்று வாங்கும் முன் பார்க்க விரும்பினால் பூமலையில், அதாவது சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில், இருக்கிற இஞ்சித் தோட்டத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள். 2003-ல் திறந்தது, ஒரு ஹெக்டேர், கட்டணம் கிடையாது, பூமலை காலை 5 மணிக்கே திறந்துவிடுகிறது.

ஐந்துக்கு ஐந்து கொடுக்காததற்குக் காரணம் பூக்கும் நேரம்தான், அது தன் இஷ்டத்துக்குப் பூக்கும். தீபாவளிக்கு விருந்தாளி வருகிறபோது பூ இருக்கவேண்டும் என்று திட்டம் போட்டால் நடக்காது, ஒரு வாரம் முன்னால் வாடிப்போயிருக்கும். கிழங்கு பெருக்கிற வேகமும் மெதுவோ மெது. ஆன்ட்டி கடைச் செடியின் பக்கவாட்டு முளை இப்போதுதான் தனியாக வேர் விட்டிருக்கிறது, இன்னும் கொஞ்சம் பருத்ததும் பிரித்துச் சீன அங்கிளுக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன், அவர் தொட்டியையே வாங்கி வைத்துவிட்டார். எனக்கு அடுத்து வெள்ளை வகை வேண்டும், டாக்கா இன்டெக்ரிஃபோலியா, இறக்கை வெள்ளையாகவும் பெரிதாகவும் ஊதா நரம்போடு இருக்கும், மலேசியக் காடுகளில் உள்ளது. கேட்ட இடத்திலெல்லாம் 50 வெள்ளிக்கு மேல் சொல்கிறார்கள், அதுவும் கிழங்கைக் காட்டாமல். 40-க்குள் எங்காவது பார்த்தால் சொல்லுங்கள், பூ இல்லாவிட்டாலும் பரவாயில்லை.